உருகிய தண்ணீர்

மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எர்ணாகுளம் போகிற படகு, வெலிங்டன் தீவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. படகில் இருந்தவர்களுக்கு அது பழக்கம்தான். மீன்காரிகள் வெற்றிலைப் பொதியை அவிழ்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் படித்து முடித்த பேப்பரை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நல்லசிவம் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த தெர்மோகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்ஜின் இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்து, "எந்தா சேட்டா, எத்ர நேரமாவும்?" என்று கேட்டார். எண்ணெய்க் கறை படிந்த ஒரு கை வெளியே வந்து, பொறு என்பதுபோல் ஆடிவிட்டு உள்ளே போய்விட்டது.

பெட்டிக்குள் அவருடைய மனைவி ஆவுடையம்மாளின் இடது மார்பிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அறுத்தெடுத்த ஒரு துண்டு இருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் அது. டாக்டர் அறுப்பார், அறுத்ததைச் சொந்தக்காரர் சுமப்பார் என்பதுதான் அன்றைய வழக்கம். கல்யாணப் பத்திரிகை கொண்டுபோகிற மாதிரி, கட்டியையும் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. மட்டாஞ்சேரியில் சிறிய ஆஸ்பத்திரி நடத்திய சர்ஜன் நீலகண்டன், எடுத்த சதையை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி மூக்கைத் துளைக்கிற மருந்துக்குள் போனது. அது புற்றா இல்லையா என்று பார்ப்பதற்கு. மற்றப் பாதியை ஈயத்தாளில் சுற்றி, ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, நர்ஸ் நல்லசிவத்தின் கையில் கொடுத்தாள். அது எர்ணாகுளத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போக வேண்டும். உயிரணுவுக்குள் என்னவோ ஒரு புரதம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்களாம். இருந்தால் மாத்திரை. இல்லாவிட்டால் ஊசி. நர்ஸ் வேறு என்னென்னவோ சொன்னாள். நல்லசிவத்தின் காது அப்போது உள் அறையில் இருந்தது. அங்கே ஆவுடையம்மாள் அழுதுகொண்டிருந்தாள். "ஐஸ்", "வேகம்" என்ற இரண்டு சொற்கள்தான் அவர் மண்டையில் ஏறின.

ஐஸ் விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோப்பும்படியில் இறால் உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் இருபத்துநாலு வருஷமாக ஐஸ் மேற்பார்வை அவர்தான். படகிலிருந்து வந்திறங்கும் சரக்கில் கையை விட்டாலே, எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு ஐஸ் கண்டது என்று சொல்லிவிடுவார். முதலாளியே அவர் கையைத்தான் நம்புவார், வெப்பமானியை நம்பமாட்டார். அன்று காலையிலும் கம்பெனிப் பெட்டியில், தானே அடித்த பொடி ஐஸைத்தான் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

படகு நின்று இருபது நிமிஷம் ஆனது. சித்திரை வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. நல்லசிவம் பெட்டியைத் திறந்து பார்த்தார். குப்பி ஐஸுக்குள் புதைந்துதான் இருந்தது. ஆனால் குப்பிக்குள்ளே? முக்கால்வாசி வெறும் காற்று. ஐஸ் தொடுவது குப்பியைத்தான், சரக்கை இல்லை. சரக்கை ஐஸ் தொட வேண்டும், நடுவில் காற்று நின்றால் சரக்கு போய்விடும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் அவருடையது. மூடியைத் திருகினார். ஈயத்தாளைப் பிரித்தார். அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு, வெளுப்பும் மஞ்சளுமாக, ஓர் ஓரத்தில் மட்டும் சிவந்து, ஒரு துண்டு. விரலால் தொட்டார். குளிர்ச்சி போதாது. முப்பது வருஷமாகத் தன்னோடு ஒரே பாயில் படுத்தவளின் உடம்பு அது என்ற நினைப்பு அப்போது வரவில்லை. சரக்கு கெடப்போகிறது என்ற பதற்றம் ஒன்றுதான் இருந்தது. குப்பியின் அடியில் பொடி ஐஸ் போட்டார். அதன்மேல் துண்டை வைத்தார். சுற்றிலும் மேலேயும் ஐஸை இட்டு, கட்டைவிரலால் அமுக்கி, காற்றுப் போக இடமில்லாமல் மூடினார். அதற்குப் பிறகுதான் மூச்சு சீரானது.

இன்னும் முக்கால் மணி நேரம் கழித்துப் படகு உயிர் பெற்றது. எர்ணாகுளம் ஜெட்டி நெருங்கும்போது குப்பியைத் திறந்தார். ஐஸ் பாதிக்குமேல் உருகியிருந்தது. தண்ணீர் லேசாகக் கலங்கி, இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் படகின் ஓரத்தில் காயலில் ஊற்றினார். துவைத்து மடித்த கைக்குட்டையால் துண்டைத் துடைத்து, மறுபடி ஈயத்தாளில் சுற்றிக் குப்பியில் போட்டு மூடினார். அடுத்தவர் வீட்டுக்குச் சரக்கை ஈரத்தோடு கொடுக்கக் கூடாது என்ற மரியாதைதான்.

ஆராய்ச்சிக் கூடத்தில் குப்பியை வாங்கிக்கொண்டது டாக்டர் திரிபுரசுந்தரி. பாலக்காட்டுக்காரர், பம்பாயில் படித்துவிட்டு வந்தவர், நாற்பது வயதிருக்கும். உறை போட்ட விரலால் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நன்னா சில்லுன்னு இருக்கே! மத்தவா கொண்டுவந்தா வெந்நீர்ல போட்ட மாதிரி இருக்கும். ஐஸ் தெரிஞ்சவராக்கும் நீங்க" என்று சிரித்தார். நல்லசிவத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பி வரும் படகில், வீட்டில் சொல்வதற்கு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வைத்திருந்தார்.

ஆனால் வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. ஆவுடையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சிழுப்பு. அதனால் முழு மயக்கம் கொடுக்க நீலகண்டன் துணியவில்லை. அந்த இடத்தில் மட்டும் மரக்க ஊசி போட்டார். அது சரியாகப் பிடிக்கவில்லை. கத்தி இறங்கியதை அவள் முழுக்க அனுபவித்தாள். அவள் கத்தியபோது நல்லசிவம் எதிர்ச்சாரியில் சாயாக் கடையில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியாமல்தான் போனார். அதை அவள் அறியமாட்டாள் என்று நினைத்திருந்தார்.

"சாயா ஆறிப்போச்சா, சூடா இருந்துச்சா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

அவர் பாயோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் அவருடைய கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள்.

"இனிமே என் மேல கத்தி வைக்க விடமாட்டேன்னு சொல்லுங்க. என்ன வேணா வரட்டும். மருந்து குடிக்கேன், ஊசி போடுதேன். கத்தி மட்டும் வேண்டாம்."

"விடமாட்டேன்" என்றார். அந்த நேரத்தில் யார்தான் வேறு பதில் சொல்வார்கள்?

மருந்தில் போன பாதியின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. புற்றுதான். அக்குளில் ஒரு கழலையும் தட்டுப்பட்டது. கட்டி பெரியது, உடனே மார்பை எடுக்க முடியாது, முதலில் மருந்தால் சுருக்க வேண்டும், எந்த மருந்து என்பதை எர்ணாகுளத்து முடிவு சொல்லும் என்றார் நீலகண்டன். பதினெட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, நல்லசிவம் மட்டும் போனார். டாக்டர் திரிபுரசுந்தரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தாளைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் புரோட்டீன் இல்லை. மாத்திரை பிரயோஜனப்படாது. திங்கட்கிழமை ஊசி ஆரம்பிச்சுடலாம்னு நீலகண்டன் டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

நல்லசிவம் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்து டாக்டருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு காகிதத்தைத் திருப்பி, பென்சிலால் வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு புள்ளி வைத்தார்.

"இது ஒரு செல். இதுக்குள்ள ஆயிரம் புரோட்டீன் இருக்கு, கேட்டேளா? நான் பார்க்கறது ரெண்டே ரெண்டு. இந்த முதல் ஆள் இருக்கானே, பெண்ணுடம்புல ஓடற ஹார்மோனைப் பிடிச்சு வச்சுக்கறவன். பிடிச்சதும் இந்த ரெண்டாவது ஆளை உண்டாக்கச் சொல்லி உத்தரவு போடுவான். ரெண்டாவது ஆளோட வேலை கரைக்கறது. செல்லைச் சுத்தி இருக்கற மதிலைக் கரைச்சு வழி பண்ணுவான். அந்த வழியா ரோகம் வெளிய இறங்கி நுரையீரலுக்கோ எலும்புக்கோ போயிடும். ஒருத்தன் சொல்லி ஒருத்தன் செய்யறான். இப்படித்தான்னு அறுதியிட்டுச் சொல்ல இன்னும் யாராலும் ஆகலை, அதைத்தான் நானும் நோக்கிண்டிருக்கேன். ஆனா முதல் ஆள் இருந்தா மாத்திரை அவன் கையில போய் உட்கார்ந்துடும். அவனுக்கு ஹார்மோனைப் பிடிக்கக் கையிருக்காது. ஆவுடையம்மாளுக்கு அந்த ஆளே இல்லை."

"எல்லாருக்கும் இருக்குமா?"

"பாதிப் பேருக்கு இருக்கும். மீதிப் பேருக்கு இருக்காது."

"சரியாத்தான் பாத்திருப்பீங்க, இல்லையா?" என்று கேட்டார் நல்லசிவம். சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான் கேட்டார்.

"ரெண்டு வாட்டி பார்த்தேன். துண்டு கெட்டிருந்தாத்தான் தப்பு வரும். இந்தப் புரோட்டீன் செல்லோட சாறுல கலந்து நிக்கறது. வெறும் தண்ணி பட்டா செல் ஊதி வெடிச்சுடும். உள்ள இருக்கறதெல்லாம் தண்ணியோட போயிடும். அதுக்காகத்தான் ஈரம் தொடாம ஐஸுக்குள்ள கொண்டுவாங்கோன்னு தொண்டை கிழியச் சொல்றது. உங்க விஷயத்துல அந்தக் கவலையே இல்லை. நீங்க ஐஸ் தெரிஞ்சவர்."

நல்லசிவம் எழுந்தார். கும்பிட்டார். வாசல் வரைக்கும் நடந்தது நினைவில்லை. படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கைக்குட்டையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தது தெரிந்தது. அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரை அவரே தன் கையால் காயலில் ஊற்றியிருந்தார். முதல் ஆள், இரண்டாவது ஆள், எல்லோரையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் தனக்குத் தானே வக்கீலாக நின்றார். பாதிப் பேருக்கு இல்லை என்றுதானே சொன்னார், இவளும் அந்தப் பாதியில் ஒருத்தியாக இருக்கலாம். தண்ணீர் பட்டது முக்கால் மணி நேரம்தான், அதற்குள் என்ன கரைந்துவிடப்போகிறது? நர்ஸ் ஈரம் படக் கூடாது என்று சொன்னாளா? சொன்னதாக நினைவில்லை. சொல்லவில்லை என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருந்ததை நான் கழுவிவிட்டேனா, இல்லாததைத்தான் இல்லை என்றார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, கட்டியோடு வீட்டில் படுத்திருந்தது. அந்தச் சாட்சியைக் கேட்க வேண்டுமானால் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாயிற்று. சொன்னால் அவளைத் திரும்ப அறுப்பார்கள். சொல்லாவிட்டால், பலிக்கக்கூடிய மாத்திரையை விட்டுவிட்டு, பலிக்குமோ பலிக்காதோ என்று ஓர் ஊசியைக் குத்துவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடைய உடம்புதான் பணயம். அவருக்கு ஒரு கீறல்கூட விழாது. அதுதான் அவரைத் தின்றது.

கம்பெனியில் இறால் தோலுரிக்கும் கொட்டகைக்குள் போனார். நீள மேசையில் பெண்கள் வரிசையாக நின்று உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற அங்கம்மாள், உரித்த இறாலைத் தட்டில் வைக்காமல், உருகிய ஐஸ் தண்ணீர் நின்ற வாளிக்குள் போட்டுக்கொண்டே இருந்தாள். இதைப் பார்த்தால் நல்லசிவத்துக்கு எப்போதும் கோபம் வரும். அன்று வந்தது வேறு கோபம்.

"எத்தன தடவ சொல்லுதது உனக்கு? தோலோட இருந்தா நாள் முழுக்க ஐஸ்ல கெடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. தோலுரிச்ச செம்மீன வெள்ளத்துல போடாதன்னு சொன்னேன்ல? சத்தெல்லாம் எறங்கிப் போயிரும், வெளுத்து வெறும் சக்கையாப் போயி…"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அங்கம்மாள் அவர் வாயையே பார்த்தாள். மேசையில் எல்லாக் கைகளும் நின்றன. தோலுரித்ததைத் தண்ணீரில் போடக் கூடாது என்று இருபத்துநாலு வருஷமாகச் சொல்லி வந்த ஆள்தான் அவர். அறுத்தெடுத்த சதைக்குத் தோல் ஏது? எதற்காக ஒரு வேலைக்காரியின் பிழைப்பைக் கெடுக்கிற மாதிரி கத்தினாரோ, அதே பிழையை அவர் தன் மனைவியின் சதையில் செய்திருந்தார். அங்கம்மாளிடம் ஒன்றும் சொல்லாமல் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனார். கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு, இறாலை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார். வெளுத்துத்தான் இருந்தன.

வீட்டில் ஆவுடையம்மாள் கண்ணாடிமுன் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தலைசீவிக்கொண்டிருந்தாள். ஊசி போட்டவர்களுக்கு முடியெல்லாம் கொட்டிவிடும், சோறு தங்காது என்று பக்கத்து வீட்டுக்காரி விஸ்தாரமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சில பேருக்கு அடுத்தவர் வீட்டு நோய் என்றால் அத்தனை சுறுசுறுப்பு.

"கொட்டுனா திரும்ப மொளைக்குமாமே" என்றாள்.

"மொளைக்கும்."

"என்னத்த மறைக்கீய?"

"ஒண்ணுமில்ல."

"ரெண்டு நாளா சோத்தப் பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போறீய. நான் சாவப்போறேன்னு சொன்னாவளா?"

"சேச்சே. என்ன பேச்சு இது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். அவள் சிரித்துக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பயந்த குரலில் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து அவளை விடுவிக்க ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை, கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எர்ணாகுளத்துக்குப் படகேறினார். டாக்டர் திரிபுரசுந்தரி மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நல்லசிவம் உட்காரவில்லை. நின்றபடியே, படகு நின்றதிலிருந்து தண்ணீரைக் கொட்டியது வரை, கைக்குட்டையால் துடைத்தது உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டரின் முகம் சிவந்தது. "எதுக்காகத் திறந்தேள்? மூடிக் கொடுத்ததை எதுக்காகத் திறக்கணும்?"

"கெட்டுப்போயிருமோன்னு பேடிச்சு…"

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நல்லா குளுந்திருக்குன்னு நீங்க சொன்னீங்க. சரியாத்தான் செஞ்சிருக்கேன்னு நெனச்சிட்டேன், டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கோபம் இறங்கிய பிறகு அவருடைய குரல் தணிந்தது, அதில் களைப்பு தெரிந்தது. "ஈரமா இருந்ததான்னு நானும் கேட்டிருக்கணும். சில்லுன்னு இருந்ததுல சந்தோஷப்பட்டுட்டேன்." ஆவுடையம்மாளின் தாளைத் தேடி எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். "அந்த முடிவை இனி நம்ப முடியாது. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மருந்துல போட்ட பாதி இதுக்கு உதவாது, புதுசா ஒரு துண்டு வேணும். ஊசியை ஒரு வாரம் தள்ளச் சொல்றேன், அதுக்கு மேல காத்திருக்கப்படாது. இந்தத் தடவை நானே ஃபிளாஸ்கோட வந்து நிக்கறேன், முடிவையும் ரெண்டு நாள்ல பார்த்துடறேன். ஆனா சம்மதிக்க வேண்டியது அவாளாக்கும். நீங்கதான் சொல்லணும்."

"நீங்க சொன்னா…"

"நான் சொன்னா அது வைத்தியம். நீங்க சொன்னாத்தான் அது நெஜம்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆவுடையம்மாளிடம் நல்லசிவம் சொன்னார். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்ததெல்லாம் கொடியில் தொங்கிய ஈரச் சேலைமுன் மறந்துபோனது. வந்தது வந்தபடி சொன்னார். அவள் கிளிப்பை வாயில் கவ்வியபடி கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சேலையை இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். கிளிப்பை மாட்டினாள்.

"என் தலையில கை வச்சுல்ல சொன்னீய" என்றாள்.

"ஆமா."

"இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"ஊசியப் போட்டிருப்பாவ. முடி கொட்டியிருக்கும். பொழச்சாலும் செத்தாலும் விதின்னு இருந்திருப்பேன். இப்ப விதியும் இல்லாமப் பண்ணிட்டீய."

அதன்பிறகு அவள் பகல் முழுவதும் பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். அவர் தண்ணீர் கேட்டபோது கொண்டுவந்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் நல்லசிவம் அழுது தீர்த்திருப்பார். அந்த அமைதியில் அழக்கூட இடமில்லை. வாசலில் உட்கார்ந்து, யார் யாரோ போவதை வெறித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று போனது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். உலகம் இப்படிச் சாவகாசமாக நடப்பது அவருக்கு அநியாயமாகப் பட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வந்து நின்றாள்.

"படுக்கேன். ஒண்ணு மட்டும். நீங்க உள்ள நிக்கணும்."

"டாக்டர் விடமாட்டாவ, ஆவுட."

"விட்டாத்தான் படுப்பேன். அங்க சாயாக் கடை கிடையாதுல்ல? அங்க நின்னு பாக்கணும். மொகத்தத் திருப்பப்படாது. எனக்குத் தெரியாம என் ஒடம்ப எங்கயெல்லாமோ கொண்டு போறீய, தொறக்கீய, ஊத்துறீய. இந்தத் தடவ எனக்குத் தெரிஞ்சாவணும். நான் படுத்துக் கெடப்பேன், எனக்குக் கண்ணுல படாது. நீங்க பாத்து எனக்குச் சொல்லணும்."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நீலகண்டனின் ஆஸ்பத்திரியில், நல்லசிவத்துக்குப் பச்சை அங்கி மாட்டி முதுகுப்பக்கம் நாடா கட்டினார்கள். அங்கி முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. நீலகண்டனுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. "எந்த ஊர்லயும் இல்லாத வழக்கம். தலை சுத்தினா வெளிய போய் விழணும் கேட்டோ, இங்க விழப்படாது" என்றார். மூலையில் டாக்டர் திரிபுரசுந்தரி நின்றிருந்தார். அவர் காலடியில், ஐஸைவிடப் பல மடங்கு குளிர்ந்த திரவ நைட்ரஜன் நிரப்பி, மூடி திறந்த பெரிய ஃபிளாஸ்க். அதிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து தரையில் படர்ந்துகொண்டிருந்தது.

ஆவுடையம்மாள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கழுத்துக்குக் குறுக்கே ஒரு துணித் திரை கட்டியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்தது கூரையும், விளக்கும், பக்கத்தில் நின்ற நல்லசிவத்தின் முகமும்தான். இந்த முறை ஊசி இரண்டு தடவை போட்டார்கள். நீலகண்டன் ஊசி முனையால் குத்திப் பார்த்து, "வேதனை உண்டோ?" என்றார். அவள் தலையாட்டினாள். உண்டு என்றா, இல்லை என்றா என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லசிவம் கத்தியைப் பார்க்காமல் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாருங்க" என்றாள்.

பார்த்தார்.

"என்ன பண்ணுதாவ?"

"மருந்து தடவுதாவ" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். "மஞ்ச மருந்து. இப்ப கத்தி எடுத்திட்டாவ."

"ம்."

"கீறுதாவ. பழைய தையல் இருக்குல்ல, அதுக்குக் கீழ. நீளமா இல்ல, சின்னதாத்தான். ரத்தம் வருது. நர்ஸம்மா பஞ்சால ஒத்துதாவ."

"ம்."

"வலிக்கா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். தோல் விலகியது, அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது, இடுக்கி உள்ளே போனது, கெட்டியாக ஒன்றைப் பிடித்து இழுத்தது. ஒன்றையும் அழகாக்கவில்லை, ஒன்றையும் விடவில்லை. மூன்று நாள் ஒரு வாக்கியம் வராமல் அடைத்திருந்த வாய் அது. அவள் கண்களின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஆனால் கத்தவில்லை. அவர் நிறுத்தும்போதெல்லாம் "ம், பொறவு?" என்று மட்டும் கேட்டாள். நீலகண்டன்கூட அவர் பேச்சை நிறுத்தவில்லை.

கத்தரிக்கோல் ஒரு தடவை சத்தமிட்டது. இடுக்கியின் முனையில் துண்டு வெளியே வந்தது. டாக்டர் திரிபுரசுந்தரி இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"எடுத்திட்டாவளா?"

"எடுத்திட்டாவ."

"எப்படி இருக்கு?"

டாக்டரின் கை பாதியில் நின்றது. நீலகண்டன் இடுக்கியை விளக்குக்குக் கீழே கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். நல்லசிவம் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பதில் சொல்வதற்கு முன்னால் நன்றாகப் பார்த்துவிடக் குனிந்தார்.